ஃபிங்கர்பிரிண்டை மாற்றி எழுதாதீர்கள்

இந்த மாதத்தில் இது மூன்றாவது கார். ஓப்பன்பைலட் (ஸ்டீயரிங்கையும் வேகத்தையும் தானே கையாளும் ஓட்டுநர் உதவி மென்பொருள்) தன் காரை அடையாளம் காணவில்லை என்று, அதே கம்பெனியின் வேறொரு மாடல் பெயரை ஃபிங்கர்பிரிண்டாக, அதாவது காரின் அடையாளமாக, நிரலில் திணித்து ஓட்டியிருக்கிறார் ஒருவர். வளைவில் ஸ்டீயரிங் இழுத்த இழுப்பில் கார் பக்கத்து லேனுக்கே போய்விட்டது. நல்லவேளை, அங்கே வண்டி இல்லை.

"ஒரே கம்பெனி, ஒரே பிளாட்ஃபார்ம், அப்புறம் என்ன?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். காரின் யூனிட்டுகள் பேசிக்கொள்ளும் கேன் பஸ் (CAN bus) என்ற இணைப்பில் ஓடும் செய்தியின் எண் ஒன்றாகவே இருக்கட்டும். உள்ளே எந்த பிட்டில் என்ன இருக்கிறது, இடப்பக்கம் பிளஸ்ஸா மைனஸா, செய்தி சரியா என்று பார்க்கும் செக்சம் எண்ணை எப்படிக் கணக்கிடுவது எல்லாம் மாடலுக்கு மாடல், ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடும். அவை ஒத்துப்போனாலும், ஒரு காரை மெல்லத் திருப்பும் அதே டார்க் (torque, ஸ்டீயரிங்கைத் திருப்பும் விசை) இன்னொரு காரை வெடுக்கென்று திருப்பும். ஃபிங்கர்பிரிண்ட் வெறும் பெயர்ப்பலகை இல்லை. ஸ்டீயரிங், ரேடார் போன்ற யூனிட்டுகளின் ஃபர்ம்வேர் பதிப்புகளைக் கேட்டுத்தான் மென்பொருள் காரை அடையாளம் காண்கிறது. தெரியாத கார் என்று, காரை இயக்காமல் பதிவு மட்டும் செய்யும் டேஷ்கேம் நிலையில் நின்றுவிட்டால் அது கோளாறு அல்ல. உங்களைக் காப்பாற்றுகிறது.

மென்பொருளுக்கும் காருக்கும் நடுவே இருக்கும் பாண்டா என்ற கருவியில் கை வைப்பவர்களிடம்தான் எனக்கு நிஜமாகவே கோபம் வருகிறது. காருக்குப் போகும் ஒவ்வொரு கட்டளையையும் அங்கே உள்ள பாதுகாப்பு நிரல்தான் சோதிக்கிறது: டார்க் எவ்வளவு, எவ்வளவு வேகமாகக் கூடுகிறது, டிரைவர் பிரேக் மிதித்தாரா. "டெஸ்டுக்கு மட்டும்" என்று அந்த எல்லையைத் தளர்த்தாதீர்கள். தயவுசெய்து.

மாற்ற உரிமை இல்லையா என்றால், உண்டு. ஓப்பன்பைலட்டை உருவாக்கிய காமா நிறுவனம் 2016 நவம்பரில் அதன் நிரலை எல்லோருக்கும் திறந்துவிட்டதால்தான் இன்று 300க்கும் அதிகமான மாடல்களில் ஓடுகிறது. முறையாகச் செய்யுங்கள். முதலில் கேன் பஸ்ஸைக் கேட்பது மட்டும், எதையும் அனுப்பாதீர்கள். பதிவு செய்து, கேன் செய்திகளைப் பிரித்துக் காட்டும் கபானா என்ற கருவியில் திறந்து, ஒவ்வொரு சிக்னலையும் காரில் செய்துபார்த்து உறுதிப்படுத்துங்கள். பிரேக் சிக்னலில் ஏமாறாதவர் குறைவு: பின்விளக்கு பிட்டைப் பெடல் பிட் என்று எடுத்துக்கொள்வார்கள். குரூஸ் தானாகப் பிரேக் போட்டாலும் பின்விளக்கு எரியுமே! பிறகு காலி மைதானத்தில், மெதுவாக, கை ஸ்டீயரிங்கில். முடித்ததும், கார்களின் கேன் செய்தி விவரங்களைச் சேர்த்துவைக்கும் ஓப்பன்டிபிசி (opendbc) என்ற பொதுத் தொகுப்புக்கு அனுப்பி, இன்னொருவர் கண்ணில் படவிடுங்கள்.

சந்தேகம் இருந்தால் பதிவை எனக்கு அனுப்புங்கள், சேர்ந்தே பார்க்கலாம். அதுவரை காரை நீங்களே ஓட்டுங்கள்.