முதலாளித்துவமும் சுரண்டலும்: சொல் விளக்கம்

முதலாளி என்ற சொல்லைக் கொழும்பில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. புறக்கோட்டையில் கடை வைத்திருப்பவரைத் தமிழரும் முதலாளி என்றுதான் கூப்பிடுவார்கள், சிங்களவரும் அப்படித்தான், எங்களிடமிருந்து சிங்களத்துக்குப் போன சொல் அது. ஆனால் அதோடு ‘த்துவம்’ ஒட்டி முதலாளித்துவம் ஆகி, அப்புறம் பக்கத்தில் சுரண்டலும் வந்து உட்கார்ந்ததும் பேச்சு குழம்பிவிடுகிறது. “முதலாளித்துவம் என்றாலே சுரண்டல்தான்” என்று ஒருவர் சொல்வார், “எங்கள் முதலாளி தங்கமானவர், தீபாவளிக்கு வீட்டில் எல்லாருக்கும் உடுப்பு எடுத்துத் தருகிறார்” என்று இன்னொருவர் பதில் சொல்வார். இரண்டு பேரும் வேறு வேறு விஷயம் பேசுகிறார்கள்.

‘முதல்’ என்பது பழைய சொல். தொடக்கம், வேர், வியாபாரத்தில் போடும் பணம் எல்லாம் அதற்குள் அடங்கும். ‘ஆளி’ என்பது உடையவர்: நோயாளி, கடனாளி மாதிரி. திருக்குறள் 449 “முதலிலார்க்கு ஊதிய மில்லை” என்று தொடங்குகிறது. கையில் முதல் இல்லாதவருக்கு இலாபம் இல்லை என்பது பொருள், அங்கே ஊதியம் என்றால் இலாபம். இன்று ஊதியம் என்றால் சம்பளம். இன்றைய பொருளில் அந்தக் குறளை வாசித்தால் அப்படியே தலைகீழாகிவிடும், ஏனென்றால் இன்று முதல் இல்லாதவர்தான் ஊதியத்தை நம்பி வாழ்கிறார், அவருக்கு அதைவிட்டால் வேறு வழி இல்லை. இந்த ‘வேறு வழி இல்லை’ என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள், சுரண்டல் பற்றிய முழுப் பேச்சும் அதில்தான் நிற்கிறது.

ஆங்கிலத்தின் கெப்பிடலிசம் லத்தீனில் தலையைக் குறிக்கும் ‘காபுட்’ என்ற சொல்லின் வழியில் வந்தது. பிரான்சில் 1850இல் லூயி பிளாங்க் என்ற சோசலிஸ்ட் அதை இன்றைய பொருளுக்கு நெருக்கமாகப் பயன்படுத்தினார்: மூலதனத்தைச் சிலர், மற்றவர்களை விலக்கிவிட்டு, தங்கள் வசம் வைத்துக்கொள்வது. அதாவது அது ஓர் ஏற்பாட்டின் பெயர். நாங்கள் மொழிபெயர்த்தபோது ஆளின் பெயரை வைத்துவிட்டோம். முதலாளித்துவம் என்று கேட்டதும் மனதில் ஒரு முதலாளி வந்து நிற்கிறார், அவர் நல்லவரா கெட்டவரா என்ற விசாரணை ஆரம்பமாகிறது. தனித்தமிழில் எழுதுபவர்கள் முதலாளியம் என்றும் முதலியம் என்றும் எழுதுகிறார்கள். முதலாளியம் வடமொழி விகுதியை மட்டும் மாற்றுகிறது, ஆளை அப்படியே வைத்திருக்கிறது. முதலியம்தான் சரியான சொல் என்பது என் கருத்து.

சரி, சுரண்டல். பானை அடியில் ஒட்டியதைச் சுரண்டுகிறோம், சுவரில் பழைய பெயின்டைச் சுரண்டுகிறோம், லொத்தர் சீட்டைச் சுரண்டுகிறோம். கொள்ளை ஒரே அடியில் முடியும், சுரண்டல் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கும், பல நேரம் தெரியாமலே நடக்கும். சிங்களத்தில் இதற்குச் சொல் ‘சூராகேம’. ‘சூரனவா’ என்றால் சுரண்டுவது, ‘கனவா’ என்றால் தின்பது, ஆக சுரண்டித் தின்பது. மே தினத்தன்று கொழும்பு வீதிகளில் இரண்டு சொல்லும் ஒன்றாகக் கேட்கும். பிரெஞ்சில் இதற்கு நிகரான சொல் முதலில் குற்றச்சாட்டே இல்லை, நிலத்தையோ சுரங்கத்தையோ வேலை செய்து பலன் எடுப்பது அவ்வளவுதான். 19ஆம் நூற்றாண்டில் சான் சிமோன் என்ற பிரெஞ்சுச் சிந்தனையாளரின் வழிவந்தவர்கள் ‘மனிதனை மனிதன்’ என்று அதோடு சேர்த்தபோதுதான் அது கசப்பான சொல்லானது.

இனி கேள்விக்கு வருவோம், முதலியம் சுரண்டல் இல்லாமல் நடக்குமா? மார்க்ஸைக் கேட்டால் நடக்காது. அவருடைய கணக்கில் தொழிலாளி ஒரு நாளில் உண்டாக்கும் மதிப்பு அவர் வாங்கும் கூலியைவிட அதிகம், அந்த மிச்சம், மிகைமதிப்பு, முதல் வைத்திருப்பவருக்குப் போகிறது. இங்கே யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, சந்தையில் என்ன கூலியோ அதை ஒழுங்காகக் கொடுத்தாலும் மிச்சம் மிச்சம்தான். தங்கமான முதலாளியாலும் இதை மாற்ற முடியாது. 1933இல் ஜோன் ராபின்சன் போன்ற பொருளியலாளர்கள் வைத்த பொருள் வேறு: வேலை கொடுப்பவர் ஒருவரோ சிலரோதான் இருக்கும் இடத்தில், தொழிலாளியின் உழைப்பு சேர்த்துக் கொடுப்பதைவிடக் குறைவாகக் கூலி கொடுப்பது. இது திருத்தக்கூடியது. வேறு வேலை கிடைத்தால், சங்கம் இருந்தால், குறைந்தபட்சச் சம்பளம் இருந்தால், குறையும்.

எனக்கு மார்க்ஸின் கணக்கு முழுதாகச் சரியென்று படவில்லை. மருதானையில் கடன் எடுத்துத் தேத்தண்ணிக்கடை போட்டவர், விடிய நாலு மணிக்கு அடுப்பு மூட்டுபவர், முதலாளியாக இருந்துகொண்டே கடனாளியாகவும் இருப்பவர், அவருக்கு மிஞ்சும் காசு முழுவதையும் சுரண்டல் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் மிச்சம் யார் கைக்குப் போக வேண்டும் என்று யார் முடிவு செய்கிறார் என்ற மார்க்ஸின் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதையும் சுரண்டல் என்றே சொல்லிவிடுகிறோம், அது தவறு. மலையகத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் ஒரு உடுப்புக்கடையில் நிற்கும் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். 2026 ஜனவரியிலிருந்து தேசியக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபாய். சட்டப்படி ஈ.பி.எப். என்ற ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதம், அதாவது 3,600 ரூபாய் போட வேண்டும், ஈ.டி.எப். என்ற ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம், 900 ரூபாய். பிள்ளையின் சம்பளத்தில் பிடிக்கும் 8 வீதம் இதற்கு வெளியே. “இப்போது பழகுற காலம்தானே” என்று சொல்லிப் பதியாமலே வைத்திருந்தால் மாதம் 4,500 ரூபாய், வருடத்துக்கு 54,000 ரூபாய் அவளுக்கு இல்லாமல் போகிறது. ஈ.பி.எப். சட்டம் வந்தது 1958இல். இது எந்தக் கோட்பாடும் தேவைப்படாத சட்டமீறல், இதைச் சம்பளத் திருட்டு என்று சொல்லுங்கள். சுரண்டல் என்று பெரிய சொல்லைப் போட்டால் ‘உலகமே அப்படித்தான்’ என்று ஆகிவிடும், திருட்டு என்றால் தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு கொடுக்கலாம்.

வேறு வழி இல்லாமை எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு மலையகத் தேயிலைத் தோட்டங்களே சாட்சி. ‘துண்டு’ முறையில் தொழிலாளியின் கடன் ஒரு காகிதத் துண்டில் எழுதப்பட்டது, அந்தக் கடனைத் தீர்க்க ஒத்துக்கொள்ளும் இன்னொரு தோட்டம் கிடைத்தால்தான் அவர் அங்கிருந்து போகலாம். 1921இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். 1931இல் தொழிற்சங்கத் தலைவர் நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் அமைத்தார். பல வருடம் கேட்ட 1,000 ரூபாய் நாள் சம்பளம் 2021இல்தான் வர்த்தமானியில் வந்தது, அதற்கும் கம்பெனிகள் நீதிமன்றம் போயின. ஒவ்வொன்றும் கேட்டு, நெருக்கி, வாங்கியது.

ஆனால் கூலியைக் கூட்டுவது மட்டும் போதாது. முடிவெடுக்கும் மேசையில் தொழிலாளிக்கு இடம் வேண்டும். ஜெர்மனியில் 1976 சட்டப்படி 2,000க்கு மேல் ஆட்கள் வேலை செய்யும் கம்பெனிகளில் மேற்பார்வைச் சபையின் பாதி இடங்கள் ஊழியர் தரப்புக்கு. ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் 1956இல் தொடங்கிய மொண்ட்ரகோன் கூட்டுறவுகளில் வேலை செய்பவர்களே உரிமையாளர்கள். அங்கேயும் முதல் இருக்கிறது, சந்தை இருக்கிறது, இலாபம் இருக்கிறது, ஆளியும் உழைப்பாளியும் ஒருவரே. கொழும்பில் போன் ஆப் மூலம் ஓட்டோ ஓடுபவர்களுக்கு இதை யோசித்துப் பார்க்கலாம். வண்டி அவருடையது, லீசிங் அவர் தலையில், பெட்ரோல் அவர் காசு, அவரை முதலாளி என்றே சொல்லலாம், ஆனால் கட்டணத்தையும் கொமிஷனையும் தீர்மானிப்பது அவர் முகம் பார்க்காத யாரோ. அந்த ஆப்பே ஓட்டுனர்களின் கூட்டுறவுக்குச் சொந்தமாக இருந்தால் கொமிஷன் எத்தனை வீதம் என்பதை அவர்களே கூட்டம் போட்டுப் பேசி முடிவு செய்யலாம்.