பஞ்சம் என்ற அறிவிப்புக்கு முன்பே தொடங்க வேண்டிய நிவாரணம்

வறட்சியாலும் வெள்ளத்தாலும் பட்டினிக்கு ஆளான மக்களிடையே ஊட்டச்சத்து மருத்துவராகப் பணியாற்றும் என்னிடம், உதவ முன்வருபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "அங்கே பஞ்சம் வந்துவிட்டதா?" என்பதைத்தான். வந்துவிட்டது என்று பதில் சொல்ல நேர்ந்தால், உதவி மிகுந்த பயன் தந்திருக்கக்கூடிய காலம் ஏற்கெனவே கடந்துவிட்டது என்று பொருள். உணவு நெருக்கடியை ஐந்து கட்டங்களாகப் பிரிக்கும் பன்னாட்டு அளவுகோலில் பஞ்சம் கடைசிக் கட்டம். குறைந்தது 20 சதவீதக் குடும்பங்கள் உணவின்றித் தவித்து, குழந்தைகளில் 30 சதவீதத்தினர் தீவிர ஊட்டச்சத்துக் குறைபாட்டுக்கு ஆளாகி, பட்டினியாலும் அதை ஒட்டிவரும் நோயாலும் நாளொன்றுக்கு 10,000 பேருக்கு இருவர் வீதம் இறக்கும்போதுதான் அந்த நிலை எட்டப்பட்டதாகக் கொள்ளப்படும். சோமாலியாவில் 2011 ஜூலையில் பஞ்சம் அறிவிக்கப்பட்டது. 2010 அக்டோபர் முதல் 2012 ஏப்ரல் வரை அங்கு ஏறத்தாழ 2,58,000 பேர் மாண்டதாகவும், அவர்களில் பாதிப்பேர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் என்றும் பின்னர் மதிப்பிடப்பட்டது. அவர்களில் கணிசமானோர் அந்த அறிவிப்பு வருவதற்குள்ளாகவே இறந்துவிட்டனர்.

வறட்சி எச்சரித்துவிட்டுத்தான் வருகிறது. மேய்ச்சலை நம்பி வாழும் மக்களிடையே, ஓர் ஆட்டை விற்றால் எவ்வளவு தானியம் வாங்கலாம் என்பதைச் சந்தையில் தொடர்ந்து குறித்து வருவார்கள். தீவனமின்றி மெலிந்த ஆடுகளை எல்லோரும் ஒரே நேரத்தில் விற்க வருவதால் ஆட்டின் விலை சரியும், தானிய விலையோ ஏறும். அடுத்து சினை ஆடுகளும், விதைக்கென எடுத்துவைத்த தானியமும் போகும். குழந்தையின் உடல் மெலிவது இவற்றுக்கெல்லாம் பிறகுதான்.

வெள்ளம் அந்த அவகாசத்தைத் தருவதில்லை. சேமித்த தானியம், அடுப்பு, குடிநீர்க் கிணறு, அன்றாடக் கூலி எல்லாவற்றையும் ஒருசேரக் கொண்டுபோகிறது. வங்கதேசத்தில் 1974-இல் வெள்ளத்தை ஒட்டி வந்த பஞ்சத்தின்போது நாட்டில் தலைக்குக் கிடைத்த உணவு தானியத்தின் அளவு முந்தைய ஆண்டுகளைவிடக் குறைந்துவிடவில்லை என்பதைப் பொருளியலாளர் அமர்த்தியா சென் எடுத்துக்காட்டினார். வேலையிழந்த கூலித் தொழிலாளர்களுக்கு, ஏறிய விலையில் அரிசி வாங்க வழியில்லை. சந்தை இயங்கும் இடங்களில் மூட்டைகளைவிடப் பணமாகக் கொடுப்பதே மேல் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்; சாலை துண்டிக்கப்பட்டு, கடையில் சரக்கே இல்லாத இடத்துக்கு மட்டும் உணவாகவே அனுப்ப வேண்டும். அதே வங்கதேசத்தில், 2020 ஜூலையில் ஜமுனா ஆற்றில் (பிரம்மபுத்திராவுக்கு அங்குள்ள பெயர்) வெள்ளம் உச்சத்தை எட்டும் முன்பே, முன்னறிவிப்பின் அடிப்படையில் ஐ.நா. அவசர நிதியிலிருந்து 52 லட்சம் டாலர் விடுவிக்கப்பட்டு, ஆயிரக்கணக்கான குடும்பங்களின் கைக்குப் பணம் போய்ச் சேர்ந்தது.

களத்தில் குழந்தையைப் பரிசோதிக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. இடது தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே வண்ணப்பட்டையைச் சுற்றுகிறோம். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கையின் சுற்றளவு 115 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் பட்டை சிவப்பைக் காட்டும், அது கடும் குறைபாடு. பிறகு இரு பாதங்களையும் கட்டைவிரலால் சில நொடிகள் அழுத்திப் பார்ப்போம். இரண்டிலும் குழி அப்படியே நின்றால் அது நீர்கோத்த வீக்கம்; பட்டை எந்த நிறத்தைக் காட்டினாலும் அதுவும் கடும் குறைபாடே. குழந்தை கொழுகொழுவென்று இருப்பதாகப் பார்ப்பவர்கள் தவறாக எண்ணும் இந்த வீக்கம்தான் என்னை அதிகம் கவலைப்பட வைக்கும். அடுத்தது பசிச் சோதனை. நிலக்கடலை, பால் பவுடர், சர்க்கரை, எண்ணெய், நுண்சத்துகள் சேர்ந்த சத்துப்பசையைக் கொடுக்கிறோம். 92 கிராம் பொட்டலம் ஒன்றில் 500 கலோரி இருக்கும். விரும்பி உண்டு, வேறு சிக்கலும் இல்லாத குழந்தையை வீட்டிலேயே வைத்துத் தேற்றிவிடலாம். தண்ணீர் கலக்காமல் உண்ணக்கூடியது என்பதால், குடிநீர் கெட்டுப்போன வெள்ளப்பகுதியிலும் இந்தப் பசை பாதுகாப்பானது.

உண்ண மறுக்கும் குழந்தைக்கு மருத்துவமனைதான் வழி. அங்கும் முதல் சில நாள்கள் புரதம் குறைந்த மருத்துவப் பாலை இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை சிறிது சிறிதாகவே கொடுப்போம். நெடுநாள் பட்டினி கிடந்த உடலுக்கு வயிறு நிறைய ஊட்டினால், இரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் திடீரெனச் சரிந்து இதயமே நின்றுவிடலாம்.

நன்கொடையாகக் குவியும் குழந்தைப் பால் பவுடரைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு: அதை அனுப்பாதீர்கள். அசுத்த நீரில் கரைத்து, கழுவ வழியில்லாத புட்டியில் புகட்டும் பால் வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும்; தாய்ப்பால் சுரப்பும் குறைந்துபோகும். தாயை இழந்த சிசுவுக்கு அது தேவைப்படலாம். அதைச் சுகாதாரப் பணியாளர் நேரில் பார்த்து முடிவு செய்து, தொடர்ந்து கண்காணித்துக் கொடுக்க வேண்டும்.

எனவே, நன்கொடை கேட்கும் அமைப்பிடம் எத்தனை மூட்டை கொடுத்தீர்கள் என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். எந்த முன்னறிவிப்பு வந்தால் பணத்தை விடுவிப்பீர்கள், அதற்கு இன்னாருடைய ஒப்புதல் வேண்டும் என்று முன்கூட்டியே முடிவாகியிருக்கிறதா, சிகிச்சை முடிந்து குழந்தை திரும்பும் வீட்டுக்கு அடுத்த பருவத்துக்கான விதையும் கால்நடைத் தீவனமும் கிடைக்க ஏற்பாடு உண்டா என்றும் கேளுங்கள்.