பாலத்துக்கு எத்தனை கண்?

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், மீனவர் சங்கக் கட்டடம் ஒன்றின் சுவரில், வாவிக்குக் குறுக்கே வரப்போகும் பாலத்தின் வரைபடத்தை ஒட்டியிருந்தார்கள். தார் வீதி, நடைபாதை, மின்விளக்கு எல்லாம் வண்ணத்தில் இருந்தன. தண்ணீருக்கு ஒரே நீல நிறம். வந்திருந்த இளம் பொறியியலாளர் வீதியின் அகலத்தை விளக்கிக்கொண்டிருந்தபோது, முன்வரிசையில் இருந்த வயதான தோணிக்காரர் கேட்டார்: “இதற்கு எத்தனை கண் வைக்கிறீர்கள் தம்பி?”

நடுவில் மட்டும் தூண்கள் வரும், இரு பக்கமும் மண் கொட்டி உயர்த்துவோம் என்பது பதில். பெரியவர் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “அப்படியென்றால் முக்கால் பங்கு வாவியை மூடப்போகிறீர்கள்” என்றார். அதன் பிறகு கூட்டம் வேறு கூட்டமாகிவிட்டது.

பாலத்தின் தூண்களுக்கு இடையே தண்ணீர் போகும் திறப்பைத்தான் நாம் கண் என்கிறோம். பாலம் வேண்டாம் என்று அங்கே ஒருவரும் சொல்லவில்லை. மண்முனைத் துறையில் 2014இல் பாலம் திறக்கும் வரை பாதை என்ற மிதவைப் படகுக்காகக் காத்து நின்ற தலைமுறை இன்னும் இருக்கிறது. அம்பாறை மாவட்டத்தின் மாவடிப்பள்ளியில் 2024 நவம்பர் வெள்ளத்தில், மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டதை யாரும் மறக்கவில்லை. அவர்கள் எதிர்த்தது கண் போதாத பாலத்தை. அந்த எதிர்ப்புக்குப் பின்னால் திடமான அறிவியல் இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 400 மீற்றர் அகலமான இடத்தில் 300 மீற்றரை மண்ணால் நிரப்பி 100 மீற்றரைத் திறந்து விடுகிறோம். ஆழம் மாறவில்லை, மழை வெள்ளமும் குறையவில்லை. அதே அளவு தண்ணீர் கால் பங்கு வழியால் போக வேண்டுமானால் நான்கு மடங்கு வேகத்தில் ஓட வேண்டும். நீரோட்டம் நீரடி மண்ணை இழுக்கும் விசையோ வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். வேகம் நான்கு மடங்கானால் இழுவை 16 மடங்கு.

இந்த வேகம் சும்மா வராது. மேல்பக்கத்தில் தண்ணீர் உயர்ந்து நின்று தள்ளினால்தான் வரும். நொடிக்கு அரை மீற்றர் ஓடிய வெள்ளத்தை இரண்டு மீற்றர் ஓட வைப்பதற்கு மட்டும் ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் நீர்மட்ட வித்தியாசம் தேவை. உராய்வில் இழப்பது தனி. 20 சென்ரிமீற்றர் கேட்பதற்குச் சின்னதாக இருக்கும். ஆனால் படுவான்கரை வயல் தட்டையானது, பெரும்போகத்துப் பயிர் இளசாக நிற்கும் மாதங்களில்தான் வடகீழ்ப் பருவமழையும் கொட்டும். ஒரு சாண் தண்ணீர் வடியாமல் சில நாள் நின்றாலே பயிர் அழுகிவிடும். மீனவர் கூட்டத்துக்கு விவசாயிகளும் வந்து நின்றதில் வியப்பில்லை.

நீரடி மண்ணில் என்ன நடக்கிறது என்பதை அறிய ஆய்வுகூடம் தேவையில்லை. கல்லடிக் கடற்கரையில் அலை திரும்பும் இடத்தில் வெறுங்காலோடு நின்று பாருங்கள். தண்ணீர் காலைச் சுற்றிக்கொண்டு இறங்கும். குதிகாலுக்குக் கீழே மணல் கழன்று போகும். இரண்டு மூன்று அலைக்குள் நீங்கள் சற்றுச் சாய்ந்திருப்பீர்கள். பாலத்தூணுக்கும் இதே கதிதான். தூணில் மோதும் ஓட்டம் கீழ்நோக்கித் திரும்பி, அடியில் குதிரை லாடத்தைப் போலத் தூணைச் சுற்றிச் சுழன்று மண்ணைத் தோண்டுகிறது. உலகில் வெள்ளத்தில் விழுந்த பாலங்களில் மிகப் பல இப்படி அடிமண் அரித்துத்தான் விழுந்தன. ஆக, குறுகிய கண் மீனுக்கு மட்டுமல்ல, பாலத்துக்கே கெடுதி.

தோண்டிய மண் தொலைந்து போவதில்லை. கண்ணைத் தாண்டியதும் வாவி விரிகிறது, வேகம் விழுகிறது, மணல் அங்கேயே படிகிறது. நேற்றுத் தோணி ஓடிய இடத்தில் இன்று கம்பு தட்டும் திட்டு. பாலத்துக்காகக் கொட்டிய மண் அணையின் இரு ஓரங்களிலோ ஓட்டமே இல்லாமல் தண்ணீர் தேங்கி, சேறும் பாசியும் சேர்கின்றன.

மணலாவது சீக்கிரம் அடங்கிவிடும். களிமண் அடங்காது. 0.1 மில்லிமீற்றர் மணல்துகள் ஒன்றரை மீற்றர் ஆழமுள்ள அசையாத நீரில் மூன்று நிமிடத்தில் அடியைத் தொட்டுவிடும். 0.002 மில்லிமீற்றர் களித்துகளுக்கு அதே தூரம் இறங்க ஐந்து நாள் வேண்டும். உப்பு நீரில் களித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு கொஞ்சம் விரைவாக இறங்கும் என்பது உண்மை. ஆனால் நமது வாவி ஆழமற்றது. காற்று ஒருநாள் பலமாக அடித்தால் அடங்கியதும் மீண்டும் எழும்பிவிடும். கலங்கிய நீருக்குள் வெயில் இறங்காது. வெயில் இல்லாத அடியில் நீர்ப்புல் வளராது. புல் இல்லாத இடத்தில் இறால் குஞ்சுக்கு ஒளிவிடம் கிடையாது.

இறாலின் கதைதான் என்னை மிகவும் கவலைப்பட வைக்கிறது. நமது வாவியில் பிடிபடும் கடலிறால் வகைகள் முட்டையிடுவது கடலில். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத குஞ்சுகள் முகத்துவாரத்தால் உள்ளே வந்து, உவர்சேற்றில் வளரும் கண்டல் மரங்களின் வேர்களுக்குள்ளும் புல்லுக்குள்ளும் வளர்ந்து, பெருத்த பின் கடலுக்குத் திரும்புகின்றன. வாவியின் நீளம் ஏறத்தாழ 56 கிலோமீற்றர். கடலோடு அது சேர்வது பாலமீன்மடுப் பக்கத்திலும் தெற்கே கல்லாற்றுப் பக்கத்திலும் மட்டும்தான், அதுவும் வறண்ட காலத்தில் மணல் மூடிக்கொள்ளும். கிழக்குக் கரையில் கடல் ஏற்ற இறக்கம் ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆகையால் கடல்நீரை உள்ளே தள்ளும் விசை ஏற்கெனவே பலவீனமானது. உப்புநீர் கனமானது என்பதால் அடியோடு ஊர்ந்துதான் உள்ளே வருகிறது. அந்த அடிவழியில் மண் அணை ஒன்றைப் போட்டால் உப்பும் குஞ்சும் சேர்ந்தே தடைப்படும். அணைக்கு உள்பக்கத்து ஊர்களில் நீர் மெல்ல மெல்ல நன்னீராகும். பிடிபடும் மீனின் இனம் மாறும். வலையை மாற்றுவதா, தொழிலையே மாற்றுவதா என்று ஒரு குடும்பம் தீர்மானிக்க வேண்டிவரும்.

கரையோரக் கண்டலைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெண்கண்டலின் அடியில் சேற்றிலிருந்து பென்சில் போல நிமிர்ந்து நிற்பவை மூச்சுவேர்கள். சேற்றுக்குள் காற்று இல்லாததால் மரம் அவற்றின் நுண்துளைகளால்தான் சுவாசிக்கிறது. அவற்றை மண்ணால் மூடினாலும், வடியாத தண்ணீரில் தொடர்ந்து அமிழ்த்தினாலும் மரம் மூச்சுத் திணறிச் சாகும். வெட்டாமலே செத்த மரத்துக்கு யார்மீதும் வழக்குப் போடுவது கடினம்.

சுற்றாடல் தாக்க மதிப்பீடு நடக்கும் திட்டங்களில் அறிக்கையைப் பார்த்துக் கருத்துச் சொல்லப் பொதுமக்களுக்கு 30 நாட்கள் உண்டு. அந்த உரிமை 1988இல் இலங்கையின் தேசிய சுற்றாடல் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. அறிக்கை வந்தால் முதலில் நீளவெட்டுப் படத்தைக் கேளுங்கள். மொத்த நீளத்தில் தூண்மேல் நிற்பது எத்தனை மீற்றர், மண்மேல் கிடப்பது எத்தனை மீற்றர் என்று அதில் தெரியும்.

அன்றைய கூட்டம் மூன்று விடயங்களை எழுதிக் கொடுத்தது. மண் அணையைச் சுருக்கித் தூண்களைக் கூட்ட வேண்டும். இரு கரையோரமும் ஒவ்வொரு கண்ணாவது விட வேண்டும், ஏனென்றால் குஞ்சுகள் நடு ஓட்டத்தில் போவதில்லை, கரையை அண்டித்தான் போகும். பொறியியலாளர் அதைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். மூன்றாவது, தூண் அடிக்கும் இயந்திரம் போய்வரத் தற்காலிகமாகக் கொட்டும் மண்ணை வேலை முடிந்ததும் முழுவதும் அள்ள வேண்டும். அதற்கான செலவு மதிப்பீட்டில் எந்த வரியில் இருக்கிறது என்று பெரியவர் கேட்டார். பக்கங்களைப் புரட்டித் தேடினார்கள். இருட்டிவிட்டதால் கைபேசி வெளிச்சம் பிடித்தும் தேடினார்கள். அந்த வரி அதில் இல்லை.