நீலகிரி மேட்டுநிலம்: மண்ணை வெட்டும் முன் தண்ணீரின் வழியைப் பாருங்கள்

நீலகிரியில் இடம் வாங்க வருகிறவர்கள் காட்சியைப் பார்க்கிறார்கள், சாலை வசதியைப் பார்க்கிறார்கள், சென்ட் விலையைப் பேசுகிறார்கள். மழைத் தண்ணீர் அந்த இடத்தில் எங்கே இறங்குகிறது, எங்கே வெளியேறுகிறது என்று கேட்பவர்கள் குறைவு. மண்சரிந்த இடங்களைப் போய்ப் பார்த்தால், பெரும்பாலும் அந்தக் கேட்காத கேள்விக்குத்தான் விடை கிடைக்கிறது.

ஊட்டி, குந்தா, கோத்தகிரிப் பக்கம் அலை அலையாகத் தெரியும் குன்றுகளுக்கு அடியில் இருப்பது சார்னோகைட் பாறை. வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். கல் கடினமானதுதான், ஆனால் சராசரியாக 2,000 மீட்டர் உயரமுள்ள இந்த மேட்டுநிலத்தில் மழை அதை யுகக்கணக்கில் ஊறவைத்து மக்கவைத்திருக்கிறது. சில இடங்களில் 30 மீட்டருக்கும் மேல் வெறும் மண்தான். புதிதாக வெட்டிய சாலையோரத்தில் நின்று பாருங்கள். மேலே கறுத்த மேல்மண், அதன் கீழே செம்மண், அதற்கும் கீழே வெள்ளையும் ரோஸுமாக ஒரு களிமண். பாறையின் வரிகள் அதில் அப்படியே தெரியும், ஆனால் விரலால் நசுக்கினால் மாவாகும். நனைந்தால் வழுக்கும். தண்ணீர் இந்த அடுக்கில் வேகமாக இறங்க முடியாமல் தேங்கும்போது மேலிருக்கும் மண் அதன்மேல் நழுவுகிறது.

அஸ்திவாரம் தோண்டும்போது இங்கே ஒரு பொறி உண்டு. மக்காமல் தப்பிய உருண்டைப் பாறைகள் மண்ணுக்குள் மிதந்தபடி கிடக்கும். ஒரு மூலையில் அது தட்டுப்பட்டதும் “பாறை வந்துவிட்டது” என்று நிறுத்திவிடுகிறார்கள். பாதி வீடு கல்லின்மேல், பாதி மண்ணின்மேல். இரண்டு மழைக்காலத்தில் சுவர் குறுக்காக விரிசல் விடும். குறைந்தது மூன்று இடத்தில் சோதனைக் குழி தோண்டுங்கள். கல்லைச் சுற்றி வெங்காயத் தோல்போல மக்கிய அடுக்குகள் உரிந்துவந்தால் அது தனிக்கல், அடிப்பாறை இல்லை.

மழையும் ஒரே மாதிரி இல்லை. தென்மேற்குப் பருவமழை மேற்கே அவலாஞ்சி, கூடலூர் பக்கம் அடிக்கும். வடகிழக்குப் பருவமழை கிழக்கே குன்னூர், கோத்தகிரி, கேத்தி பக்கம். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியது, மாவட்டத்தில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 செ.மீ.யைத் தாண்டியது. எந்தச் சரிவு எந்தப் பருவத்தில் நனையும் என்று தெரிந்தால்தான் மண்வேலைக்கு மாதம் குறிக்க முடியும்.

இவ்வளவு மழையைத் தாங்கப் பழகிய அமைப்பு இங்கே ஏற்கெனவே இருந்தது. குன்றின் முதுகில் புல்வெளி, மடிப்புகளில் சோலை எனும் அடர்ந்த குட்டைக் காடு, பள்ளத்தில் சதுப்பு. புல்வெளியைக் காடு அழிந்த வெற்றிடம் என்று நினைப்பது பெரிய தவறு. சதுப்பின் கரிமண்ணை ஆராய்ந்ததில், இங்கே புல் பல்லாயிரம் ஆண்டுகளாக இருந்துவருவது தெரிகிறது. பனிக்காலத்தில் திறந்தவெளியில் விழும் உறைபனி சோலைமரக் கன்றைக் கருக்கிவிடும். புல் மறுபடி துளிர்க்கும். எனவே புல்வெளியில் மரக்கன்று நடும் விழாக்களுக்கு எங்கள் ஆதரவு இல்லை, நோக்கம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும்.

19-ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சுதந்திரத்துக்குப் பிறகு தோல் பதனிடவும் ரேயான் கூழுக்கும் பெருமளவில் நடப்பட்டன. ஊட்டி அருகே கிளன்மார்கனில் நடந்த நீண்டகால ஆய்வில், புல்வெளியில் கற்பூர மரம் வைத்ததால் நீர்வரத்து, மரத்தை வளர்த்து வெட்டும் முதல் சுற்றில் 16 சதவீதமும் இரண்டாம் சுற்றில் ஏறக்குறைய 25 சதவீதமும் குறைந்தது. கோடையில் ஊற்று வற்றுவதற்கு மழையை மட்டும் குறை சொல்ல முடியாது.

அதற்காக இயந்திரத்தை வைத்துச் சீகையை வேரோடு பிடுங்கக் கூடாது. பிடுங்கிய குழி ஒவ்வொன்றும் சரிவுக்குள் தண்ணீர் இறங்கும் வாசல். புல்வெளி ஓரத்தில் புதிதாகப் பரவும் இளங்கன்றுகளிலிருந்து தொடங்குங்கள். மண் ஈரமாக இருக்கும்போது கையாலேயே வந்துவிடும். பெரிய மரத்தை அறுத்துவிட்டு வேரை விட்டுவிடலாம். விதைகள் மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும், தீ பட்டால் மொத்தமாக முளைக்கும். அதனால் எரிப்பது வேண்டாம். வருடா வருடம் வந்து களை எடுக்க ஆளும் பணமும் இல்லையென்றால் வேலையைத் தொடங்காமல் இருப்பதே நல்லது. முதிர்ந்த சீகைக்குக் கீழே சோலைக் கன்றுகள் வளர்ந்திருந்தால், அந்தத் தோப்பைத் தொட வேண்டாம்.

சதுப்பைக் கேரட் போடுவதற்காக வடித்துவிடுகிறார்கள். வடிந்த கரிமண் சுருங்கிக் கெட்டிப்படும்; பிறகு பஞ்சுபோல நீரைப் பிடிக்காது. இங்குள்ள பழங்குடிகளான தோடர்கள் கோயில் வேயும் புல்லும் இந்த ஈரநிலங்களில்தான் வளர்கிறது.

இனி வீட்டு மனை. செங்குத்தாக 5, 6 மீட்டர் வெட்டி, ஒட்டி ஒரு கான்கிரீட் சுவர் எழுப்புவதுதான் வழக்கமான தவறு. சுவரைத் தள்ளுவது மண் மட்டுமில்லை, பின்னால் தேங்கும் தண்ணீரும்தான். ஒரே வெட்டு 3 மீட்டரைத் தாண்டாமல், நடுவே ஒன்றரை மீட்டர் படி விட்டு இறக்குங்கள். சுவரில் 75 மி.மீ.க்குக் குறையாத குழாய்களை ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாக, வெளிப்பக்கம் சாய்த்து வையுங்கள். சுவருக்குப் பின்னால் ஓரடி அகலத்துக்கு ஜல்லி, ஜல்லிக்கும் மண்ணுக்கும் இடையில் வடிகட்டித் துணி. துணி இல்லையென்றால் களிமண் குழாயை அடைத்துவிடும், அடைத்த குழாய் இருந்தும் பயனில்லை. வெட்டின் உச்சிக்குச் சில மீட்டர் மேலே சிமென்ட் பூசிய வாய்க்கால் ஒன்று வேண்டும். அதன் முனை ஓடையில் சேர வேண்டும், பக்கத்து வீட்டுக் கூரையில் இல்லை. கழிவுநீர் உறிஞ்சுகுழி வெட்டின் மேல்பக்கம் இருக்கவே கூடாது. தோட்டத்தில் வெட்டும் மழைநீர் அகழிகளும் அப்படித்தான்: சமவெளியில் தண்ணீரைத் தேக்குவது புண்ணியம், ஆழ்ந்த மண்ணுள்ள செங்குத்துச் சரிவில் அது ஆபத்து. லேசான சாய்வு கொடுத்து ஓடைக்கு வடித்துவிடுங்கள்.

பொக்லைன் வருவதற்கு முன் அனுமதி இருக்கிறதா, புலப்படத்தில் (நில அளவை வரைபடம்) ஓடை குறித்திருக்கிறதா என்று பாருங்கள். மழைக்காலத்தில் மேலே வளைகோடாக விரிசல் தெரிந்தாலோ, சாயாத மின்கம்பம் சாய்ந்தாலோ, கதவு திடீரென்று இறுகினாலோ, தெளிந்த ஊற்று கலங்கினாலோ, ஓடிக்கொண்டிருந்த ஓடை மழையின் நடுவே நின்றாலோ பொருட்களை எடுக்க நேரம் செலவிடாதீர்கள். சரிவு இறங்கும் திசையில் ஓடாமல் பக்கவாட்டில் விலகுங்கள். பிறகு மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077-இல் சொல்லுங்கள்.