ஊதிப் பார்க்கும் முன் எந்த மாத்திரையை நிறுத்த வேண்டும்?

வயிற்றில் இருக்கும் கிருமியை வாயால் ஊதிக் கண்டுபிடிக்கலாம் என்றால் என்னிடம் வருபவர்களில் பலர் சிரித்துவிடுகிறார்கள். அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் ராத்திரியில் வண்டியை மடக்கி போலீஸ்காரர் ஊதச் சொல்வதுதான்.

கிருமியின் பெயர் ஹெலிகோபேக்டர் பைலோரி, சுருக்கமாக எச்.பைலோரி. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 1982-ல் இதை ஆய்வகத்தில் வளர்த்துக் காட்டினார்கள். அல்சருக்குக் கிருமி காரணமா என்று பலரும் சந்தேகப்பட, 1984-ல் மார்ஷல் அதைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். இருவருக்கும் 2005-ல் நோபல் பரிசு கிடைத்தது. நம் வீடுகளில் மட்டும் இன்னமும் காரமும் கவலையும்தான் குற்றவாளிகள்.

அமிலத்துக்குள் பிழைத்திருக்க இந்தக் கிருமி வைத்திருக்கும் வழியே அதைக் காட்டியும் கொடுக்கிறது. யூரியேஸ் என்ற நொதியால் அது யூரியாவை அம்மோனியாவாகவும் கரியமில வாயுவாகவும் உடைக்கிறது. அம்மோனியா அதைச் சுற்றியுள்ள அமிலத்தைத் தணித்துவிடும். நம் உடல் செல்களுக்கு அந்த நொதி கிடையாது. ஆகவே அடையாளம் தெரியும் கார்பன் சேர்த்த யூரியாவைக் கொடுத்துவிட்டு, அந்தக் கார்பன் மூச்சில் வருகிறதா என்று பார்க்கிறோம்.

வெறும் வயிற்றில் வர வேண்டும். முதலில் ஒரு பையில் ஊதுவீர்கள். பிறகு யூரியா கலந்த, லேசாகப் புளிக்கும் பானம் ஒன்றைக் குடித்துவிட்டு சுமார் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அப்புறம் இன்னொரு பையில் ஊதினால் முடிந்தது. கார்பன்-13 முறையில் கதிரியக்கம் இல்லை என்பதால் குழந்தைகளுக்கும் செய்யலாம். கார்பன்-14 முறையில் மிகச் சிறிய அளவு உண்டு. கர்ப்பமாக இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இவ்வளவு எளிய சோதனை கெட்டுப்போவது மருந்துக்கடையில்தான். காலையில் எழுந்ததும் ஒரு 'கேஸ் மாத்திரை' என்பது பல வீடுகளில் காபி மாதிரி ஆகிவிட்டது. பான்டோபிரசோல், ஒமிபிரசோல், ரபிபிரசோல் எல்லாம் இந்த வகைதான். இவை கிருமியை ஒழிப்பதில்லை, அடக்கி வைக்கின்றன. யூரியேஸ் வேலை குறைந்து, கிருமி உள்ளே இருக்கும்போதே 'இல்லை' என்று முடிவு வந்துவிடும். "மாத்திரை எதுவும் சாப்பிடவில்லை டாக்டர்" என்று உறுதியாகச் சொன்ன ஒரு பெரியவரிடம் சட்டைப்பையைக் காட்டச் சொன்னேன். பாதி தீர்ந்த பான்டோபிரசோல் அட்டை இருந்தது. "இதுவா? இது கேஸுக்குத்தானே" என்றார்.

அந்த மாத்திரையைச் சோதனைக்கு 2 வாரம் முன்பே நிறுத்த வேண்டும். ஆன்டிபயாடிக், வயிற்றுப் புண்ணுக்குத் தரும் பிஸ்மத் மருந்துகள் என்றால் 4 வாரம். சளிக்கோ பல்லுக்கோ சாப்பிட்ட ஆன்டிபயாடிக்கும் கணக்கில் சேரும். இடையில் எரிச்சல் வந்தால் என்ன எடுக்கலாம் என்று கேட்டுக்கொண்டு போங்கள், அதற்கு வேறு மருந்து உண்டு. ஆஸ்பிரின் போன்ற மருந்துகளோடு வயிற்றைக் காக்க இந்தக் கேஸ் மாத்திரையைச் சாப்பிடுபவர்களும், அல்சரில் ரத்தம் கசிந்தவர்களும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது.

எல்லோரையும் ஊதச் சொல்லி அனுப்பிவிடவும் முடியாது. கறுப்பாக மலம் போவது, ரத்த வாந்தி, காரணமில்லாமல் எடை குறைவது, விழுங்கச் சிரமம், ரத்தசோகை, வயதான பிறகு புதிதாகத் தொடங்கிய வயிற்றுத் தொந்தரவு இவற்றில் ஏதாவது இருந்தால் எண்டோஸ்கோப்பிதான். ஊதும் சோதனை கிருமியைச் சொல்லும், புண்ணையோ கட்டியையோ காட்டாது.

கிருமி இருப்பது உறுதியானால் பெரும்பாலும் 14 நாள் கூட்டு மருந்து. வாய் கசக்கும், வயிறு புரட்டும். நாலாம் நாள் வலி விட்டதும் பலர் மருந்தையும் விட்டுவிடுகிறார்கள். மிஞ்சிய கிருமி மருந்துக்கு மசியாததாக மாறினால் அடுத்த சுற்று கடினம். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்குக்குக் கிருமியின் எதிர்ப்பு ஏற்கெனவே கூடிக்கொண்டு வருகிறது.

மருந்து முடிந்து குறைந்தது 4 வாரம் கழித்து மறுபடி ஊத வேண்டும். வலி போய்விட்டது என்று இதற்குத்தான் யாரும் வருவதில்லை. சிலர் செலவு குறைவு என்று ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு வருகிறார்கள். கிருமி ஒழிந்த பிறகும் அதை எதிர்க்க உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருள் ரத்தத்தில் பல மாதம், சிலருக்கு வருடக்கணக்கில்கூட, இருக்கும். அந்த ரிப்போர்ட்டில் 'பாசிட்டிவ்' என்று பார்த்துப் பயந்து இரண்டாவது தடவை மருந்து சாப்பிட ஆரம்பிக்க வேண்டாம். ஊதும் சோதனை கிடைக்காத ஊரில் மலத்தில் ஆன்டிஜென், அதாவது கிருமியின் புரதம், இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை கேளுங்கள். அதற்கும் அதே 2 வாரம், 4 வாரக் கணக்குதான்.