மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஃபைல் ஏன் திறக்கமாட்டேன் என்கிறது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து ஆபீஸ், கிளினிக், டயர் கடை என்று எங்கே போனாலும் அமைப்பு ஒன்றுதான். நாலைந்து கணினிகள் இருக்கும். கணக்கெல்லாம் பகிர்வுக் கணினி என்ற ஒன்றில் கிடக்கும், மற்றவர்கள் தங்கள் கணினியில் தெரியும் இஸட் டிரைவ் வழியாக அதைத் திறப்பார்கள். காலையில் எல்லாம் ஓடும். சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்ததும் போன் வரும்: “அண்ணே, லைன் ரொம்ப ஸ்லோ.”

இணைய லைனுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஒரே ஆபீசுக்குள் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் ஃபைல் வாசலைத் தாண்டுவதில்லை. 100 மெகாபிட் பேக்கேஜை 300 ஆக்கினால் மாதக் கட்டணம்தான் ஏறும். பணத்தைக் கட்டிய பிறகு கூப்பிடுகிறவர்களே அதிகம் என்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் முதலில் கேட்பது, திறக்கும்போது மட்டும் தாமதமா, அதன்பிறகும் மெதுவாகவே இருக்கிறதா என்பதைத்தான்.

திறக்கும்போது மட்டும் என்றால் பெரிய விஷயமில்லை. நீங்கள் சாப்பிடப் போன நேரத்தில் கணினி ஸ்லீப்புக்கு, அதாவது தூக்க நிலைக்குப் போனதும் பகிர்வுக் கணினியுடன் இருந்த தொடர்பு அறுந்துவிடுகிறது. விழித்ததும் விண்டோஸ் பழைய தொடர்பையே தட்டிப் பார்த்து, பதில் வரவில்லை என்று தெரிந்த பிறகுதான் புதிதாக இணைகிறது. பகிர்வுக் கணினியின் ஹார்ட் டிஸ்க் சும்மா இருந்து சுழற்சியை நிறுத்தியிருந்தால் இன்னும் சில விநாடிகள் போகும். பகிர்வுக் கணினிக்கு மட்டும் ஸ்லீப்பை ‘நெவர்’ என்று வையுங்கள், மானிட்டர் அணைந்தால் பரவாயில்லை. ரௌட்டரில் அதற்கென்று ஓர் ஐபி எண்ணை (நெட்வொர்க்கில் அதன் முகவரி) ஒதுக்கிவிட்டால், எண் மாறிப்போய் மற்ற கணினிகள் தேடிக்கொண்டு நிற்கும் தொல்லையும் இராது.

விழித்ததிலிருந்து மெதுவாகவே இருக்கிறது என்றால், செட்டிங்ஸில் ஈத்தர்நெட் பக்கத்தைத் திறந்து லிங்க் ஸ்பீட் (கேபிள் இணைப்பின் வேகம், மெகாபிட்டில்) என்ன என்று பாருங்கள். 1000 இருக்க வேண்டிய இடத்தில் 100 இருக்கலாம். 10 என்று நிற்பதும் உண்டு. ஸ்லீப்பில் மின்சாரத்தை மிச்சப்படுத்த நெட்வொர்க் கார்டு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. விழித்ததும் பழைய வேகத்துக்குத் திரும்ப வேண்டும், சில கார்டுகள் திரும்புவதில்லை. 300 மெகாபைட் ஃபைல் 1000-த்தில் இரண்டு மூன்று விநாடியில் வந்துவிடும், 100-ல் ஏறக்குறைய அரை நிமிடம் ஆகும். 10-ல் நாலு நிமிடத்துக்கு மேல். செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டை முடிக்கிற நாளில் ஒரு கிராணி (தோட்டத்துக் குமாஸ்தா) இதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

கேபிளைப் பிடுங்கித் திரும்பச் செருகுங்கள். வேகம் 1000-க்கு ஏறிவிட்டால் கார்டின் பவர் அமைப்புதான் காரணம். டிவைஸ் மேனேஜரில் அந்தக் கார்டைத் திறந்து, பவர் மேனேஜ்மென்டில் மின்சாரத்தை மிச்சப்படுத்த இந்தக் கருவியை அணைக்க அனுமதிக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். அட்வான்ஸ்ட் பகுதியில் எனர்ஜி எஃபிஷியன்ட் ஈத்தர்நெட், கிரீன் ஈத்தர்நெட் என்று இருப்பவற்றையும் அணைத்துவிடலாம். கார்டு தயாரிப்பாளரின் புது டிரைவரை (கார்டை இயக்கும் மென்பொருள்) போட்டுப் பார்ப்பதும் நல்லது.

செருகியும் 100-லேயே நின்றால் கேபிளைச் சந்தேகப்படுங்கள். ஆயிரத்துக்கு நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும், நூறுக்கு இரண்டு போதும். நூறுக்குத் தேவைப்படாத ஒரு ஜோடியை எலி கடித்திருந்தால் இணைப்பு பெரும்பாலும் போகாது, வேகம் மட்டும் விழுந்துவிடும். நம் ஊர் சாயங்கால இடிமழைக்கு நெட்வொர்க் சுவிட்சில் கேபிள் செருகும் துளை சேதமாவதும் உண்டு, அதுவும் ஆபீசிலிருந்து ஸ்டோருக்கு வெளியே கேபிள் இழுத்திருந்தால்.

“ஷட் டவுன் பண்ணி ஆன் பண்ணிட்டேன் அண்ணே, அப்படியேதான் இருக்கு” என்பார்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருக்கும் விண்டோஸில் ஷட் டவுன் கொடுத்தால் டிரைவர்களின் நிலை டிஸ்கில் சேமிக்கப்பட்டு, ஆன் செய்ததும் அப்படியே திரும்பி வரும். அதனால் ரீஸ்டார்ட் கொடுத்துப் பாருங்கள்.

லேப்டாப்பில் கேபிள் செருகியிருந்தால் வைஃபையை அணைத்துவிடுங்கள். விழித்ததும் அது முந்திக்கொள்வதுண்டு.

தாமதத்தைவிட எனக்குப் பெரிய கவலை, கணக்கு மென்பொருளைத் திறந்துவைத்தபடியே சாப்பிடப் போவது. பகிர்வு டிரைவில் தரவுக் கோப்பை வைத்து ஓடும் பழைய மென்பொருள்கள் பல, தொடர்பு நடுவில் அறுந்தால் பாதி எழுதிய கோப்போடு நின்றுவிடும். கெட்டுப்போன சம்பளக் கணக்கை பேக்கப் இல்லாமல் மீட்பது எல்லா நேரமும் நடக்கிற காரியமில்லை. எழுந்து போகும்முன் அதை மூடுங்கள்.

இன்னொன்று. இணையத்தில் தேடினால் ‘எஸ்எம்பி 1-ஐ ஆன் செய்யுங்கள், சரியாகிவிடும்’ என்று யாராவது எழுதியிருப்பார்கள். அது விண்டோஸ் ஃபைல் பகிர்வின் பழைய முறை. செய்யாதீர்கள். 2017 மே மாதம் உலகம் முழுக்கப் பரவிய, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை வைரஸ், அந்தப் பழைய முறையின் ஓட்டை வழியாகத்தான் கணினி விட்டுக் கணினி தாவியது. ஸ்லீப் பிரச்சினைக்கு அது மருந்தும் இல்லை. பழைய ஸ்கேனருக்கு அது இல்லாமல் முடியாது என்றால், ஸ்கேனை பென்டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள்.