மோட்டிஃப்: இடம் மாறிப்போன கருவும் உரியும்

களியக்காவிளையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். ‘மோட்டிஃப்’ என்று போர்டில் எழுதியதும், “மோட்டிவ்னு எழுதணும், தப்பா எழுதிட்டிய சார்” என்றாள் ஒரு பிள்ளை. கடற்கரை ஊர்க்காரி. எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அவள் சொன்னதில் பாதி சரி. இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். அசைத்தல், நகர்த்தல் என்ற பொருளுள்ள லத்தீன் வேரில் பிறந்தவை. ஆளைச் செயலுக்குத் தள்ளுவது மோட்டிவ். பிரெஞ்சு வழி வந்த மோட்டிஃப், இசையில் திரும்பத் திரும்ப ஒலிக்கும் சிறு சுரக்கோவைக்கும், துணியில் திரும்பத் திரும்ப விழும் உருவுக்கும் பெயர். சேலைக்கடையில் ‘புட்டா’ என்கிறோமே, அதேதான். கதையில் மீண்டும் மீண்டும் வந்து விழும் பொருளுக்கும் அந்தப் பெயரே நிலைத்தது.

தமிழில் இதற்குக் குறியீடு, படிமம் என்றெல்லாம் எழுதுகிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. ஒரே முறை வந்தாலும் குறியீடு குறியீடுதான். மோட்டிஃப் திரும்பி வந்தே ஆக வேண்டும். நாட்டார் கதை ஆராய்ச்சியில் வழங்கும் ‘கதைக்கூறு’ பரவாயில்லை, ஆனால் அதிலும் அந்தத் திரும்பல் இல்லை. தொல்காப்பியர் பாட்டில் வருவதை ‘முதல் கரு உரிப்பொருள்’ என்று பிரித்திருக்கிறார். நிலமும் பொழுதும் முதல். தெய்வம், உணவு, மரம், பறவை எல்லாம் கரு. கையால் தொட்டுக் காட்டலாம், தெய்வத்தைத் தவிர. இரங்கல், ஊடல் போன்ற மன உணர்வுகள் உரி. இன்றோ மாநாட்டு அழைப்பிதழ் முதல் பரீட்சைத் தாள் வரை ‘தீம்’ என்பதைக் கருப்பொருள் ஆக்கிவிட்டோம். அவர் கணக்கில் அது உரிப்பொருள். மோட்டிஃபுக்கு ‘மீள்கரு’ என்பேன்.

உதாரணத்துக்கு, மலையாள எழுத்தாளர் தகழி 1956இல் எழுதிய ‘செம்மீன்’ நாவல். குமரி மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்ததும் அதே வருஷம்தான். தமிழாக்கியவர் நாகர்கோவில் சுந்தர ராமசாமி. கரையில் இருக்கும் பெண்டாட்டி நெறி தவறினால், கடலில் இருக்கும் புருஷனைக் கடலம்மா கொண்டுபோவாள் என்ற நம்பிக்கைதான் அதன் மீள்கரு. முதலில் சக்கி தன் மகள் கறுத்தம்மாவுக்குச் சொல்லும் புத்திமதியாக வருகிறது. கல்யாணத்துக்குப் பிறகு அதுவே ஊர்வாயில் ஆயுதம்: அவளுடைய பழைய காதலன் பரீக்குட்டியைப் பற்றிய பேச்சு கிளம்ப, புருஷன் பழனியோடு கடலுக்குப் போகக் கூட்டாளிகள் தயங்குகிறார்கள். அவன் தனியே போகிறான். கடைசி இரவில் கறுத்தம்மாவும் பரீக்குட்டியும் கரையில், பழனியின் தூண்டிலில் பெரிய சுறா, பிறகு சுழி. நம்பிக்கை பலித்துவிட்டது போலத்தான் தெரிகிறது. வார்த்தை மாறாமல் திரும்பி வந்தாலும் ஒவ்வொரு தடவையும் அதன் கனம் கூடுகிறது. கடற்கரை நிலமான நெய்தலின் உரி இரங்கல் என்பதும் பிசகவில்லை.

இவ்வளவும் சொல்லி முடித்தேன். அந்தப் பிள்ளை நோட்டை மூடவில்லை.

“வள்ளத்துல கூட ரெண்டு ஆள் இருந்திருந்தா பழனி பிழைச்சிருப்பாம்லா சார்?”